வெப்சைட் வருமானம் சம்பளம் இல்லைங்க, ஆசிரியர் ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் உங்க இளைஞர் பக்கத்துல வந்த கட்டுரையைப் படிச்சிட்டு எழுதுறேன். சொந்தமா ஒரு வெப்சைட் தொடங்கினா போதும், கூகுள் விளம்பரம் போட்டு வீட்ல இருந்தபடியே மாசா மாசம் சம்பளம் மாதிரி பணம் வரும், வேலைவாய்ப்பு கம்மியா இருக்கிற மலைப்பகுதி பசங்களுக்கு இது ரொம்ப ஏத்த தொழில்னு போட்டிருந்தீங்க. தமிழ்ல எழுத ஆள் வேணும், எழுதட்டும், அதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனா சம்பளம்னு சொன்னது தப்பு, அதை நம்பி எங்க ஊர்ல ரெண்டு மூணு பேர் கைல இருக்கிற வேலையை விடற நிலைமைல இருக்காங்க, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன், மன்னிச்சுக்கங்க, வெட்டிப் போட்டாலும் சரி.

நான் கோத்தகிரில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஜெராக்ஸ்னு பேரு, நடக்கிறது என்னவோ ஆன்லைன் வேலைதான், பட்டா சிட்டா, கரண்ட் பில், இ-பாஸ், பாஸ்போர்ட் எல்லாம். அதோட பசங்க யாராச்சும் வெப்சைட் போடணும்னு வந்தா டொமைன், அதாவது சைட்டோட பேரு, வாங்கிக் கொடுக்கிறது, கூகுள் விளம்பரம் போட ஆட்சென்ஸ் அக்கவுண்ட் அப்ளை பண்றது, அமெரிக்க வரி ஃபார்ம் நிரப்புறதுன்னு அந்த வேலையும் என்கிட்ட வரும். எனக்குன்னு சைட் ஒண்ணும் கிடையாது. ஆனா இந்த வேலைல யாருக்கு எவ்வளவு வந்துச்சு, எப்ப நின்னுச்சுன்னு எல்லாம் என் கண்ணு முன்னாடிதான் நடக்குது.

முதல்ல கணக்கைப் பார்ப்போம், கட்டுரைல அதுதான் இல்லவே இல்லை. கூகுளோட ஆட்சென்ஸ் 2003லேயே வந்துடுச்சு, ஆனா தமிழ்ல எழுதுற சைட்டுக்கு அதிகாரப்பூர்வமா கதவு திறந்தது 2018 பிப்ரவரிலதான். கணக்குல 10 டாலர் சேர்ந்தா வீட்டு விலாசத்துக்கு தபால்ல ஒரு பின் நம்பர் வரும், அதைப் போட்டாத்தான் அடுத்த கட்டம், 4 மாசத்துக்குள்ள போடலைன்னா விளம்பரம் வர்றதே நின்னுடும். 100 டாலர் சேர்ந்தாத்தான் பேங்குக்கு பணம் வரும், சேரலைன்னா அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போயிடும். சேர்ந்த மாசத்துக்கு அடுத்த மாசம் 21ல இருந்து 26 தேதிக்குள்ள போடுவாங்க. எழுதுறவர் கைக்கு வர்றது விளம்பரதாரர் கொடுக்கிற காசுல சுமார் 68 சதவீதம்னு கம்பெனியே சொல்லியிருக்கு.

இப்ப ஒரு பேச்சுக்கு, ஒரு பக்கத்தை ஆயிரம் தடவை பார்த்தா அரை டாலர் கிடைக்குதுன்னு வச்சுக்குவோம். 100 டாலர் வரணும்னா 2 லட்சம் தடவை பார்க்கணும், அதாவது ஒரு நாளைக்கு 6,600க்கு மேல. கோத்தகிரி பத்தி, குன்னூர் பத்தி தமிழ்ல எழுதற ஒரு ஆளுக்கு தினமும் அவ்வளவு கூட்டம் எங்கிருந்துங்க வரும்? வந்தாலும் அந்த 100 டாலர்ங்கிறது நம்ம காசுக்கு எட்டு ஒம்பதாயிரம்தான். இதுல டொமைன், சைட்டை வைக்கிற இடத்துக்கு வாடகையான ஹோஸ்டிங், நெட் ரீசார்ஜ், பெட்ரோல் எல்லாம் போகணும். அந்த அரை டாலரும் நிலையா நிக்காது. தீபாவளி நேரத்துல விளம்பரம் நிறைய வரும் ரேட் ஏறும், ஜனவரி பொறந்தா இறங்கும். சிங்கப்பூர்ல, அமெரிக்காவுல இருக்கிற நம்மாளு பார்த்தா ஒரு ரேட், அரவேணுல இருந்து பார்த்தா வேற ரேட்.

அந்த பின் நம்பர் கவர் இருக்கே, அது தனிக் கதைங்க. எங்க ஊர்ப்பக்கம் பாதி வீட்டுக்கு ஒழுங்கான கதவு நம்பரே கிடையாது, ஹட்டி, அதாவது சின்ன ஊரோட பேரு, தபால் ஆபீஸ் பேரு, அவ்வளவுதான் விலாசம். உள்ள ஆறு இலக்க நம்பர் இருக்கிற சின்ன கவர் அது, பார்க்க ஏதோ விளம்பர நோட்டீஸ் மாதிரியே இருக்கும், வீட்ல பெரியவங்க கைல கிடைச்சா அடுப்பு பத்த வைக்கப் போயிடும். ஒரு பையனோட கவர் டீக்கடை பெஞ்சுல, வெங்காய பஜ்ஜிக்குக் கிழிச்சு வச்ச பேப்பர் அடுக்குக்கு நடுவுல இருந்து கிடைச்சுது.

இன்னொருத்தருக்கு நடந்ததைக் கேளுங்க. நம்ம பையன் சைட் ஆரம்பிச்சிருக்கான், விளம்பரத்தைத் தட்டினா அவனுக்கு காசு வருமாம்னு ஊர் வாட்ஸ்அப் குரூப்புல யாரோ போட்டுட்டாங்க. அவ்வளவுதான், சித்தப்பா, மாமா, திருப்பூர்ல வேலை பார்க்கிற கூட்டாளிங்க எல்லாரும் காலைல எழுந்ததும் சைட்டைத் திறந்து விளம்பரத்தைத் தட்டறதை ஒரு கடமையாவே பண்ணிருக்காங்க. பாசம்தான், இல்லைங்கல. ஆனா ஆசையா சொல்லி வச்சுத் தட்டறது செல்லாத கிளிக்னு விதிலயே இருக்கு, கணக்கு முடங்கிடுச்சு. உதவி பண்ணினவங்க யாருக்கும் இன்னிக்கு வரைக்கும் என்ன தப்புன்னு புரியலை. உங்க கட்டுரைல இதைப் பத்தி ஒரு வரி இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

சரி, இதெல்லாம் கத்துக்கலாம், பெரிய விஷயம் இல்லை. ஆளுங்க எங்கிருந்து வர்றாங்கங்கிறதுதான் பெரிய விஷயம். கூகுள்ல தேடிப் பார்த்து வர்றாங்க. அந்தத் தேடல்ல யாரு முதல்ல, யாரு பத்தாவதுங்கிறதை கூகுள்காரங்க வருஷத்துக்குப் பல தடவை மாத்துவாங்க, அதுக்குப் பேருதான் அப்டேட். 2011ல பாண்டா, 2012ல பெங்குயின்னு பேரெல்லாம் வச்சு விட்டாங்க, 2022 ஆகஸ்ட்ல பயனுள்ள உள்ளடக்கம்னு ஒண்ணு, 2023 செப்டம்பர்ல அதுலயே இன்னொண்ணு, உலகம் பூரா சின்னச் சின்ன சைட் நடத்தறவங்க அதுல விழுந்தோம்னு புலம்பினாங்க. 2024 மார்ச் 5ல ஒரு பெரிய அப்டேட் தொடங்கி ஏப்ரல் 19 வரைக்கும், 45 நாள் ஓடுச்சு. தரமில்லாத பக்கங்களை 45 சதவீதம் குறைச்சுட்டோம்னு கூகுள் சொல்லுச்சு. மெஷினை வச்சு ஆயிரக்கணக்குல பக்கம் தள்ளினவங்களைப் பிடிக்கணும்தான், நானும் ஒத்துக்கிறேன், குப்பை அவ்வளவு இருந்துச்சு.

ஆனா இறங்கினவன் எல்லாம் குப்பை போட்டவன் இல்லை. இறங்கிட்டா உங்க பக்கத்துல தப்பு இருக்குன்னு அர்த்தம் இல்லை, மத்தவங்க மேல வந்திருக்கலாம்னு அவங்க விளக்கத்துலயே இருக்கு. சரி பண்ணினாலும் பலன் தெரிய மாசக்கணக்கு ஆகலாம், அடுத்த பெரிய அப்டேட் வரைக்கும் காத்திருக்க வேண்டி வரலாம்னும் இருக்கு. நீங்க ஒரு கம்பெனில வேலை பார்க்கறீங்க, இந்த மாசம் சம்பளம் பாதி, ஏன்னு கேட்டா உங்க வேலைல குறை ஒண்ணும் இல்லை, அடுத்த ஆறு மாசத்துல பார்க்கலாம்னா அதைச் சம்பளம்னு சொல்வீங்களா?

எங்க ஊர்க்காரங்களுக்கு நான் இதைப் பசுந்தேயிலை கணக்குல சொல்றதுதான் வழக்கம், உடனே புரிஞ்சுடும். இலையைப் பறிச்சு மூட்டை கட்டி லாரில ஏத்தி விட்டுடுவோம், ஃபேக்டரிக்காரர் எடை போட்டு சீட்டு கொடுப்பார். டீத்தூள் குன்னூர் ஏலத்துல என்ன விலைக்குப் போச்சோ அதை வச்சுத்தான் கிலோவுக்கு எவ்வளவுன்னு மாசாமாசம் தேயிலை வாரியம் சொல்லும். விலையை நாம சொல்ல முடியாது, கொடுத்த இலையைத் திருப்பி வாங்கவும் முடியாது. வெப்சைட் அதுக்கும் ஒரு படி மேல போகுது, இங்க விலையும் அவங்க கைல, எத்தனை கிலோ எடுத்துக்கறதுங்கிறதும் அவங்க கைல. தேயிலைக்காவது கலெக்டர் ஆபீஸ் முன்னாடி உட்கார்ந்து போராட்டம் பண்ண ஒரு இடம் இருக்கு.

இதுல நான் கிட்ட இருந்து பார்த்த ஒரு தம்பி விஷயத்தைச் சொல்றேன். பேர் வேண்டாம். மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ஏற வர்றவங்களுக்காகத் தமிழ்ல எழுதறான். சீசன்ல குன்னூர் ரோடு ஏற மட்டும், கோத்தகிரி ரோடு இறங்க மட்டும்னு ஒன்வே ஆக்குவாங்க இல்லையா, அது என்னிக்குத் தொடங்குது, பண்டிப்பூர் ரோட்டுல ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் ஏன் விட மாட்டாங்க, பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வந்தா என்ன ஆகும், இதெல்லாம். மழை நாள்ல குஞ்சப்பனை பக்கம் மரம் விழுந்தா பைக்கை எடுத்துட்டு இவனே போய்ப் பார்த்து, பைக் மட்டும் நுழையுது கார் நுழையாதுன்னு போட்டோவோட போடுவான். பலாப்பழ சீசன்ல அந்த ரோட்டுல யானை நிக்கிற இடத்தையும் சொல்லுவான், சாயங்காலத்துக்கு மேல வராதீங்கன்னு. இதை எந்த ஊர்ல உட்கார்ந்து எவன் எழுத முடியும் சொல்லுங்க.

2024ல அவனுக்கு வர்ற ஆளுங்க குறைஞ்சு போச்சு. ஏன்னு கேட்டு லேப்டாப்பைத் தூக்கிட்டு கடைக்கு வந்தான், சைட் நடத்தறவங்களுக்கு கூகுள் கொடுக்கிற சர்ச் கன்சோல்னு ஒண்ணு இருக்கு, அதுல கோடு கோடா காட்டும், ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அதைப் படிக்கிறதுக்கு ஒரு முறை இருக்குங்க. தேடல்ல உங்க இடம் இறங்கியிருந்தா அது அப்டேட் வேலையா இருக்கலாம். இடம் அப்படியே இருந்து, காட்டின தடவை குறைஞ்சிருந்தா தேடுற ஜனமே குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். இடமும் அப்படியே, காட்டினதும் அப்படியே, தட்டி உள்ள வர்றது மட்டும் குறைஞ்சிருந்தா பதில் மேலேயே கிடைச்சுடுது, கீழ வர அவசியமில்லைன்னு அர்த்தம். இவனுக்கு மூணுமே இறங்கியிருக்கு! அந்த வருஷம் மார்ச்ல அந்த 45 நாள் அப்டேட், மே 7ல இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வண்டிக்கு இ-பாஸ், ஆகஸ்ட்ல கூகுள் தேடலுக்கு மேல ஏஐ சுருக்கம் காட்டறது இந்தியாவுக்கு வந்துச்சு, இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும். நம்மாளுங்கதான் தேடறப்ப பாதி நேரம் இங்கிலீஷ்லதானே அடிக்கிறாங்க. எது எவ்வளவு அடிச்சுதுன்னு எங்களால பிரிக்க முடியலை. யாரு மேலயும் பழி போடவும் முடியலை, அதுதான் ரொம்பக் கடுப்பா இருந்துச்சு. தேயிலைல நோய் வந்தா இலையைக் கிள்ளிட்டுப் போய் தோட்டக்காரங்க சங்கமான உபாசில காட்டலாம், இதுக்கு யார்கிட்டங்க போறது?

அந்த ஏஐ சுருக்கத்துல நம்ம எழுத்தைச் சேர்க்காதேன்னு சொல்ல வழி இருக்கான்னும் தேடினோம். இருக்கு, ஆனா அப்படிச் சொன்னா சாதாரணத் தேடல்லயும் நம்ம லிங்க்குக்குக் கீழ வர்ற ரெண்டு வரி விளக்கம் காணாம போயிடும். மொட்டையா நிக்கிற லிங்க்கை எவன் தட்டுவான். கடையோட போர்டைக் கழட்டி வச்சுட்டு வியாபாரம் பண்ணுன்னா என்ன பண்றது.

வருமானம் இறங்கினதும் எல்லாரும் பண்றதைத்தான் அவனும் பண்ணினான், விளம்பரத்தைக் கூட்டினான். மேல ஒண்ணு, நடுவுல ரெண்டு, கீழ ஒட்டிக்கிட்டே வர்றது ஒண்ணு. எங்க பக்கம் சிக்னல் எப்படின்னு உங்களுக்குத் தெரியாது, மூடுபனி இறங்கி கரண்ட்டும் போச்சுன்னா ரெண்டு கோடு காட்டறதே பெரிசு, அதுல இவன் பக்கம் திறக்கவே அரை டீ குடிச்சிடலாம், திறந்து படிக்க ஆரம்பிச்சா விளம்பரம் லோடு ஆகி எழுத்து எல்லாம் தடால்னு கீழ இறங்கும், ஒன்வே எந்த ரோடுன்னு பார்க்க வந்தவர் கடன் ஆப் விளம்பரத்தைத் தட்டிடுவார். எங்க கடைல வச்சே ஒரு டிரைவர் அண்ணன் பார்த்துட்டு, அட போப்பா, நான் போன் பண்ணியே கேட்டுக்கிறேன்னு சொல்லிட்டாரு. அப்படி ஜனம் திரும்பிப் போனா அது தேடல்லயும் நல்லதில்லை. 2021லேயே பக்கம் எவ்வளவு வேகமா திறக்குது, எழுத்து இடம் மாறிக் குதிக்குதாங்கிறதையும் தேடல் கணக்குல சேர்த்தாச்சு.

இப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பெரிய பெரிய பத்திரிகைகளோட டிஜிட்டல் சங்கமே, எங்க செய்தியை வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கிறாங்க, எங்களுக்குப் பங்கு சரியா வரலைன்னு கூகுள் மேல கம்பெட்டிஷன் கமிஷன்ல புகார் கொடுத்து 2022ல விசாரணைக்கு உத்தரவாச்சு. அமெரிக்காவுல 2024 ஆகஸ்ட்ல தேடல்ல கூகுள் சட்டவிரோத ஏகபோகம்னு நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பு சொன்னாரு, 2025 ஏப்ரல்ல விளம்பரத் தொழில்நுட்பத்துலயும் அப்படித்தான்னு வர்ஜீனியாவுல நீதிபதி லியோனி பிரின்கெமா சொன்னாரு. அதே வருஷம் செப்டம்பர்ல ஐரோப்பாவுல இதே விளம்பர விஷயத்துக்கு 295 கோடி யூரோ அபராதம். வக்கீல் வச்சு, சங்கம் வச்சு, நூத்துக்கணக்குல ஆள் வச்சு நடத்தற பத்திரிகைக்கே இந்த விளம்பர வருமானம் போதலைன்னு கோர்ட் வாசல்ல நிக்கிறாங்க, ஆனா இளைஞர் பக்கத்துல மட்டும் கோத்தகிரி பையன் லேப்டாப்பைத் திறந்தா காசு கொட்டும்னு எழுதறீங்க. இது எந்த ஊர் நியாயம்? அந்தக் கட்டுரை எழுதின நிருபர், வணிகப் பக்கம் பார்க்கிறவர்கிட்ட ஒரு டீ குடிச்சுக்கிட்டே கேட்டிருந்தாலும் தெரிஞ்சிருக்கும்.

நீங்க இப்படி எழுதறது வேற ஆளுங்களுக்கு வசதியா போயிடுது. கோயம்புத்தூர்ல இருந்து கிளாஸ் எடுக்கறோம்னு வந்து பீஸ் வாங்கறாங்க. அப்டேட்ல விழுந்த சைட்டை ஒரே வாரத்துல தூக்கி விடறோம்னு சொல்றாங்க, கம்பெனியே மாசக்கணக்கு ஆகும்னு சொல்லுது, இவங்க எப்படி ஒரு வாரத்துல தூக்குவாங்க. அப்ரூவல் வாங்கின ஆட்சென்ஸ் அக்கவுண்ட் விலைக்கு இருக்குன்னு டெலிகிராம்ல விக்கிறாங்க, அந்த மாதிரி கை மாத்தறதே விதிக்கு விரோதம், வாங்கினவன் விலாசத்துக்கு பின் கவர் வராது, காசு வேற எவன் பேங்குக்கோ போகும். இதை வாங்கலாமான்னு கேட்டு நகையை அடகு வைக்க சீட்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த அக்கா ஒருத்தரை நான் திருப்பி அனுப்பிருக்கேன்.

அந்தத் தம்பி இப்ப என்ன பண்றான்னு கேப்பீங்க. சைட்டை மூடலை. விளம்பரத்தைப் பாதிக்கு மேல குறைச்சுட்டான். ஜீப் டிரைவருங்க, ஹோம்ஸ்டே வச்சிருக்கவங்க, வறுக்கி கடைக்காரர்னு நேரா போய்க் கேட்டு மாசத்துக்கு இவ்வளவுன்னு வாங்கறான். அதுலயும் இழுபறிதான், சீசன்ல கொடுக்கிறவர் ஆடி மாசம் மழைல போனை எடுக்க மாட்டார். ரோடு நிலவரத்தை முதல்ல வாட்ஸ்அப் சேனல்ல போட்டுட்டு அப்புறம்தான் சைட்ல ஏத்தறான், தேடி வர்றவங்களை நம்பாம தெரிஞ்சு வர்றவங்களை வச்சு ஓட்டறான். காலைல 11 மணி வரைக்கும் தோட்டத்துல கேரட் கழுவற இடத்துல வேலை, அதை விடலை. அதை விடாததாலதான் இதையும் நடத்த முடியுதுன்னு அவனே சொல்றான்.

அதனால நான் கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம்ங்க. அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்க. 100 டாலர் கணக்கு, பின் கவர், சொந்தக்காரங்க விளம்பரத்தைத் தட்டக் கூடாதுங்கிறது, அப்டேட்ல இறங்கினா எத்தனை மாசம் ஆகலாம், விலைக்கு வர்ற அக்கவுண்ட்டை வாங்காதீங்க, இவ்வளவு இருந்தா போதும், அரைப் பக்கம் கூட வேண்டாம். எழுதறவங்களுக்கு சந்தேகம் இருந்தா நான் கடைலதான் இருப்பேன், ஞாயித்துக்கிழமை சந்தை அன்னிக்கு மட்டும் கூட்டமா இருக்கும், மத்த நாள்ல கூப்பிடலாம். திருத்தம் வந்துச்சுன்னா அந்தப் பக்கத்தை வெட்டி கவுண்டர் கண்ணாடிக்கு உள்பக்கமா ஒட்டி வச்சுடுவேன், தினமும் வந்து கேக்கறவங்களுக்கு என் வாய் வலிக்காம அதையே காட்டிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்